குடிக்காதவனின் கல்லீரல்

பூஞ்சேரி கூட்ரோட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குத் திரும்பினால் இடது கைப் பக்கம் என் மெஸ். பலகையில் லோகநாயகி மெஸ் என்று போட்டிருக்கும். அந்த லோகநாயகி நான்தான். கல்லாவில் உட்கார்ந்து ஊரையே கூப்பிடுகிற மாதிரி கத்திக்கொண்டிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்; மறைக்க ஒன்றுமில்லை.

சமையல்கட்டை ஒட்டி, மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு மேசை இருக்கிறது. அதற்குப் பெயர் டிரைவர் டேபிள். வேன் நிறைய ஆட்களைக் கூட்டி வந்து என் வாசலில் இறக்கிவிடுகிற டிரைவருக்கு அங்கே சாப்பாடு இலவசம். ரோட்டோரம் கடை போட்ட எல்லாரும் செய்வதுதான் இது. வாடிக்கையாளருக்கு ஒரு கரண்டி கறி என்றால் டிரைவருக்கு இரண்டு. அவன் வயிறு நிறைந்து போனால்தான் நாளைக்கும் வண்டியை நம் கடைப் பக்கம் ஒடிப்பான். அந்த மேசையில் டிரைவர் தவிர வேறு யாரையும் உட்கார விடமாட்டேன். என் சொந்த நாத்தனார் புருஷனையே எழுப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த மனுஷன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அந்த மேசையின் ராஜா என்றால் ராஜாராம்தான். வேடந்தாங்கல் பக்கம் விவசாயக் குடும்பம். நிலம் அண்ணன் தம்பிகளுக்குள் துண்டு துண்டாகப் போனதும் செங்கல்பட்டுக்கு வந்து டூரிஸ்ட் வேன் ஓட்ட ஆரம்பித்தவன். பறவை பார்க்க வருகிறவர்கள், கோயில் பார்க்க வருகிறவர்கள், யாரை ஏற்றினாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு என் கடைதான். நாலு பரோட்டா, மேலே சுக்கா, இரண்டு ஆஃப்பாயில், அப்புறம் சோறு, கடைசியில் பாயசம். சாப்பிட்டு முடித்து வயிற்றைத் தட்டிக்கொண்டே "அக்கா, ஒன் கைக்கு மோதிரம் போடணும்" என்பான். மோதிரம் வந்ததில்லை. ஆனால் வேன் தவறாமல் வந்தது.

ஒன்று சொல்லியாக வேண்டும். ராஜாராம் குடிக்க மாட்டான். சும்மா சொல்லவில்லை, ஒரு சொட்டு தொட மாட்டான். யாராவது சோடா வாங்கிக் கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். "என்ன நம்பி பதினெட்டு பேரு ஏறிகினு வர்றாங்க, அக்கா" என்பான். வேன் ஸ்டாண்டில் அவனை எல்லாரும் கேலி செய்வார்கள். அவனுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

போன வருஷம் ஆனி மாதக் கடைசியில், தொடர்ந்து மூன்று நாள் அவன் ஆட்களை இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டான். மேசைக்கு வரவில்லை. எங்கள் தொழிலில் டிரைவர் சாப்பாட்டை வேண்டாம் என்றால் ஒரே அர்த்தம்தான். வேறு எவனோ வலை போட்டுவிட்டான், இந்த வண்டி இனி அடுத்த ஹோட்டலுக்குப் போகப் போகிறது. புதிதாக ஒரு ஏசி ஹோட்டல் வேறு பக்கத்தில் திறந்திருந்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கல்லாவைப் பையனிடம் விட்டுவிட்டு வெயிலில் இறங்கிப் போனேன்.

"இன்னாப்பா ராஜாராமு, என் சோறு கசந்துபோச்சா? எவன் ஒன்ன இஸ்துகினான்? நேரா மூஞ்சப் பாத்து சொல்லு."

"ஐயோ அக்கா, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பின்ன இன்னாத்துக்கு மூணு நாளா வண்டில பூந்துகினு கீற?"

அவன் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு லிவர்ல கொழுப்பு கீதாம், அக்கா."

"ஒனக்கா?"

"எனக்குத்தான். சத்தமா சொல்லாத. ஸ்டாண்டுல காதுல வுழுந்தா, நான் திருட்டுத்தனமா குடிச்சிகினு இருந்தேன்னு சொல்லிடுவானுங்க."

அப்புறம்தான் விஷயம் முழுவதும் வந்தது. அவனுக்கு ஒரே தங்கை, துர்காதேவி. ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கிறாள். வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவள். அவளுக்கு முதலில் கண் மஞ்சளானது, பிறகு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து சென்னைக்கு அனுப்பினார்கள். உடம்பே தன் கல்லீரலை எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோயாம். யார் செய்த தப்பும் இல்லையாம். கல்லீரல் மொத்தமும் கெட்டுவிட்டது, வேறு ஒருவருடையதில் பாதியை வெட்டி வைத்தால்தான் பிழைப்பாள் என்று சொல்லிவிட்டார்கள். புருஷனுடைய ரத்த வகை சேரவில்லை. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் என்று பெயர் பதிந்து வைத்திருந்தார்கள். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ராஜாராம் யோசிக்கவே இல்லை. "என்னுத எடுத்துக்கோங்க" என்று போய் நின்றான். ரத்தம் சேர்ந்தது, எல்லாம் சேர்ந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. ரத்தத்திலும் கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு எல்லாம் தாறுமாறு.

டாக்டர் வைஷாலி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். "இப்படியே எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அவங்களுக்கும் அது சரியா வேலை செய்யாது. மாத்திரை தரேன். சாப்பாட்ட மாத்துங்க, எடையக் குறைங்க. மூணு மாசம் பாக்கலாம். அதுக்கு மேல உங்க தங்கச்சியால தாங்க முடியுமான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

"எனக்குள்ள இருக்கிறது எனக்கே தெரியல பாரு, அக்கா," என்றான். "குடிச்சாத்தான் லிவர் போவும்னு நெனச்சிகினு இருந்தேன். இத்தன வருஷம் ஓசில துன்னது, அங்க போய் குந்திகினு கீது."

அவன் ஓசியில் தின்றது எல்லாம் என் மேசையில், என் கரண்டியிலிருந்து விழுந்ததுதான். "சரி, வெயில்ல உக்காராத, உள்ள வந்து மோராவது குடி" என்றேன்.

ரகசியம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பாலா என்று ஒரு கார் டிரைவர் இருக்கிறான். டிரைவர் டேபிளில் உட்கார்ந்து வாயில் பரோட்டாவை வைத்துக்கொண்டே, "உத்தம புத்திரன் கணக்கா பேசுவான், கடைசில லிவரு காட்டிக்குடுத்துடுச்சி பாத்தியா" என்றான். ராஜாராம் கை கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். தங்கை விஷயத்தை என்னிடம் சொன்ன அன்றுகூட அவன் முகம் அப்படி விழுந்து நான் பார்க்கவில்லை. நான் போய் பாலாவின் தட்டைத் தூக்கிவிட்டேன். "குடிச்சாத்தான் வரும்னா ஒனக்கு இந்நேரம் லிவர் இருந்த எடமே தெரியாம போயிருக்கும். எழுந்திருடா!" கடை முழுக்கச் சிரித்தது. ராஜாராம் மட்டும் சிரிக்கவில்லை.

ஆடி பிறந்ததும் அவன் அம்மனுக்கு மாலை போட்டுக்கொண்டான். சிவப்பு வேட்டி, கழுத்தில் மணி, நெற்றி நிறையக் குங்குமம். கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, எண்ணெய்ப் பலகாரம் இல்லை. "இதவிட பெரிய பத்தியம் இன்னா கீது, அக்கா? அம்மா பாத்துக்கும்" என்றான். எங்கள் எல்லாருக்கும் மனசு நிறைந்துபோனது. டாக்டர் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையையும் நிறுத்திவிட்டான். இங்கிலீஷ் மாத்திரை லிவரைத்தான் முதலில் சுடும் என்று எவனோ சொல்லியிருக்கிறான். மாலையில் இருக்கும்போது எதற்கு என்று இவனும் நினைத்துக்கொண்டான்.

அந்த மாதம் முழுக்க அவனுக்கு பக்தர்கள் சவாரிதான். நிற்கிற கோயிலிலெல்லாம் சர்க்கரைப் பொங்கல், கேசரி, பானகம். வண்டியில் சீப்பு சீப்பாக வாழைப்பழம். விரதக்காரன் என்று ஆளாளுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊட்டினார்கள். நானும் விட்டேனா? தனியாகப் பாத்திரம் கழுவி அவனுக்கென்று பொங்கல் வைத்தேன். நெய்யைப் பாதியாகக் குறைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. வெல்லத்தைக் குறைக்க வேண்டும் என்று என் மரமண்டைக்கு ஏறவில்லை. கரும்புச் சாறு குடித்தான், சாத்துக்குடி ஜூஸ் குடித்தான். எல்லாம் சைவம்தானே!

மாலையைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். மத்தியானம் சவாரி எதுவும் இல்லாமல் வெறும் வண்டியோடு என் கடைக்கு வந்தான். மேசையில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவ்வளவு பெரிய ஆம்பளை, தோள் குலுங்கக் குலுங்க அழுதான்.

"ஏறிப்போச்சு, அக்கா. எடை ஏறிப்போச்சு. ரத்தத்துல கொழுப்பு முன்னவிட ஜாஸ்தி. கறிய விட்டேன், எல்லாத்தையும் விட்டேன், எப்டிம்மா ஏறும்னு டாக்டரம்மாவ கேட்டேன். இனிப்பும் சோறும் ஜூஸும் செலவாவலன்னா ஒடம்பு அதத்தான் கொழுப்பா மாத்தி லிவர்ல போட்டு வைக்குமாம். மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னதுன்னு கேட்டாங்க. சாமி மாலைல கீறேன்னேன். சாமி ஒண்ணும் மாத்திரைய நிறுத்தச் சொல்லலையே ராஜாராம்னாங்க."

"துர்காவுக்கு எப்டி கீது?"

"வயித்துல இருந்து நேத்து தண்ணி எடுத்தாங்க. அவ என் கையப் புடிச்சிகினு, வேணாம்ணா, ஒனக்கு ரெண்டு புள்ளைங்க கீது, நீ நல்லா இருன்றா. ஒண்ணர மாசம் அவளுக்குச் சேர வேண்டியது, அக்கா. நான் பொங்கலா துன்னுட்டேன்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. சமையல்கட்டில் ஆராயி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆராயிதான் இருபது வருஷமாக எனக்குச் சமைக்கிறவள்.

ஆனால் நான் ராஜாராமைப் பற்றிச் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். அன்றைக்கு அழுது முடித்தவன் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்து போனை என் கையில் திணித்தான். "ஆஸ்பத்திரில சாப்பாட்டுக்குன்னு ஒரு மேடம் கீறாங்க, ரோகிணின்னு. நீயே பேசு. எனக்குக் கேட்டா மறந்துடும், ஒன்கிட்டதான் நான் துன்றேன்."

ரோகிணி சின்னப் பெண். குரலிலேயே தெரிந்தது. அவளோடு நான் சண்டையே போட்டேன். "ஒரு கரண்டி சோறா? வண்டி ஓட்றவனுக்கா? எங்க ஊட்டுப் பூன அதவிட ஜாஸ்தி துன்னும்மா!" அவள் அசரவில்லை. "தட்டுல பாதி காய் வைங்கம்மா, வயிறு நிறைஞ்சிடும்" என்றாள். கீரை, அவரைக்காய், சுண்டல், மோர். மீன் கொடுக்கலாம், வறுக்காமல் குழம்பில் போட்டு. பட்டினி போடக் கூடாது, எடை மெதுவாகத்தான் இறங்க வேண்டும். மாத்திரையைத் தினமும் போட வேண்டும்.

அன்றிலிருந்து டிரைவர் டேபிளில் அவன் தட்டு மட்டும் தனி. ஆராயி கொக்கிலமேட்டுக் குப்பத்து மத்தி மீனை எண்ணெய் காட்டாமல் புளிக்குழம்பில் போட்டுக் கொடுப்பாள். சுற்றி மற்றவர்கள் சுக்காவைப் பிசைந்துகொண்டிருப்பார்கள்; நடுவில் இவன் மலை மாதிரி கீரையைக் குவித்து வைத்துக்கொண்டு மென்றுகொண்டிருப்பான். "அண்ணாத்த, மாடு கணக்கா மேயறியே!" என்பார்கள். "பால் கறக்கணும்னா சொல்லு" என்பான். சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. பாயசம் போகும்போது மட்டும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வான்.

நடைக்கு அவன் கண்டுபிடித்த வழி வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. டூரிஸ்டுகளை இறக்கிவிட்டால் இரண்டு மூன்று மணி நேரம் டிரைவர்களுக்கு வேலை இல்லை. சீட்டைச் சாய்த்துக் காலை நீட்டித் தூங்குவார்கள். ராஜாராமும் அப்படித் தூங்கினவன்தான். இப்போது வண்டியைப் பூட்டிவிட்டு, தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். பார்க்கிங்கிலிருந்து கலங்கரை விளக்கம், அங்கிருந்து கடற்கரைக் கோயில், மணலில் இறங்கி மீனவர் குப்பம் வரை, திரும்ப பார்க்கிங். தினமும். சங்கு மாலை விற்கிறவர்கள் அவனை டூரிஸ்ட் என்று நினைத்துத் துரத்தியிருக்கிறார்கள். "மச்சான், இத்தன வருஷம் கூட்டியாந்து கூட்டியாந்து வுட்ட, இப்பத்தான் ஊரப் பாக்கறியா?" என்று ஸ்டாண்டில் கேட்டார்களாம். "ஆமா, நல்லாத்தான் செதுக்கி கீறாங்க" என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறான்.

அவன் ஒன்றும் மகான் இல்லை. ஊரப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில் மட்டன் பிரியாணி வாசனைக்கு மயங்கி உட்கார்ந்து வெளுத்துக்கட்டிவிட்டு வந்தான். யாரும் கேட்காமலே என்னிடம் வந்து சொன்னான். நான் ஒன்றும் திட்டவில்லை. அவனே தன்னைத் திட்டிக்கொண்டிருந்தான். அன்று கடற்கரையை இன்னொரு சுற்று சுற்றினான்.

அவன் பெண்டாட்டி சரோஜாவுக்கு பயம். புருஷன் வயிற்றைக் கிழித்துப் பாதியை எடுப்பார்கள் என்றால் எவள்தான் சரி என்பாள்? என் கடைக்கே வந்து, "நீங்களாவது சொல்லுங்கக்கா" என்று நின்றாள். பிறகு ஒரு நாள் துர்காவைப் பார்த்துவிட்டு வந்தவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து அவனுக்குக் கேழ்வரகு அடையும் சர்க்கரை போடாத காபியும் அவளே கொடுத்தனுப்பினாள்.

புரட்டாசியில் சட்டை தொளதொளத்தது. பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டான். இதற்கிடையில் துர்காவை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இந்த முறை நினைவு தவறித் தவறி வந்தது. சொந்த மகள் பெயரையே யோசித்துத்தான் சொன்னாளாம். டாக்டர் இவனை உடனே வரச் சொல்லி ஸ்கேன் எடுத்தார். நான் அன்று முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து மீதிச் சில்லறையைத் தப்புத் தப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவன் வேன் வந்து நின்றது. இறங்கி ஓடி வந்தான். ஆமாம், ஓடித்தான் வந்தான்.

"எடுத்துக்கலாமாம், அக்கா! கொழுப்பு எறங்கிப்போச்சாம்! போதுமாம்! வர்ற வாரமே என்னுத எடுத்துக்கறாங்களாம்!"

தன் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள் என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன மனுஷனை நான் என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. ஆராயி உள்ளேயிருந்து குலவை போட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் யாருக்கோ குழந்தை பிறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். பாலா எழுந்து வந்தான். ராஜாராம் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க முதல் ஆளாகப் போனது அவன்தான்.

ஆபரேஷன் அன்று கடையைப் பூட்டினேன். கொரோனாவுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பூட்டியது. ஆஸ்பத்திரி வாசலில் சரோஜாவும் நானும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். பொழுது சாய்ந்த பிறகு டாக்டர் வைஷாலி வந்தார். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றார். போகிறவர் நின்று சரோஜாவைப் பார்த்து, "ரொம்ப நல்ல கல்லீரல்மா. உங்க வீட்டுக்காரர் உழைச்சு உண்டாக்கினது" என்றார். சரோஜா என் தோளில் சாய்ந்துகொண்டு விட்டாள் பாருங்கள் ஒரு அழுகை.

பாதியைக் கொடுத்தாலும் மீதி தானாக வளர்ந்துவிடுமாம், இரண்டு பேருக்கும். எனக்கு முதலில் நம்பிக்கை இல்லை. இன்றைக்கு அவனைப் பார்த்தால் நம்பாமல் என்ன செய்வது? பொங்கலுக்குப் பிறகு மறுபடியும் வேன் எடுத்தான். மாத்திரையும் நடையும் விடவில்லை. இப்போது அவன் பின்னால் இன்னும் நாலைந்து டிரைவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். டிரைவர் டேபிளில் கீரைத் தட்டு கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆராயிக்குக் கீரை ஆய்ந்தே விரல் கறுத்துவிட்டது.

இந்தச் சித்திரையில் ஒரு நாள் வேன் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து முகக்கவசம் போட்ட ஒரு பெண் இறங்கினாள். ஒல்லியாக, நிமிர்ந்து நடந்து வந்தாள். நான் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவள் கண் மஞ்சளாக, வயிறு வீங்கிக் கிடந்தாள்.

"அக்கா, இவளுக்கு எடம் கீதா?" என்றான்.

"டிரைவர் டேபிள்ல உக்காரச் சொல்லு" என்றேன். கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளிச் சாப்பாடு ஆகாது என்று துர்கா வீட்டிலிருந்தே டப்பாவில் கொண்டு வந்திருந்தாள். அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்போது பக்கத்து மேசைக்குப் போய்க்கொண்டிருந்த கேசரித் தட்டு துர்காவின் கண்ணில் பட்டது. நெய் மின்ன, முந்திரி தூக்கலாக ஆராயி கிண்டியது. "ஒரே ஒரு வாய்ண்ணா" என்று அவள் கையை நீட்டினாள்.

ராஜாராம் பட்டென்று அவள் கையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"ஏய், கைய எடு. அது என் லிவரு. வெயில்ல நடந்து நடந்து சுத்தம் பண்ணி ஒனக்குக் குடுத்துகீறேன். அதுல கொழுப்பப் போட்ட, திருப்பி வாங்கிக்குவேன், ஆமா!"

துர்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவன் மற்றக் கையால் கீரையைப் பிசைந்துகொண்டே, "துன்னு, துன்னு, ஆறிடும்" என்றான். நான் போய் கேசரித் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.